இரண்டு என்னும் வரம்பு

1935-இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு வினா: மெய்ம்மையைப் பற்றிய குவாண்டம் விவரிப்பு முழுமையானதா? முழுமையன்று என்பது அவர்களின் முடிவு. சேர்ந்து பிறந்து பிரிந்த இரு துகள்களுள் ஒன்றை அளந்தால், மற்றதைத் தொடாமலே அதன் தன்மையை உறுதியாகச் சொல்லிவிடலாம். தொலைவிலிருப்பதை இங்குள்ள அளவீடு பாதிக்காது. ஆகவே அத்தன்மை முன்பே அதனிடம் இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். இயற்பியலாளர் நீல்ஸ் போர் அதே ஆண்டில் மறுத்தெழுதினார். அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டுகள் இது தீராத தத்துவ வழக்காகவே கிடந்தது.

பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த ஜான் பெல் 1964-இல் அதைக் கணக்காக மாற்றினார். அக்கணக்கின் 1969ஆம் ஆண்டு வடிவம் பள்ளிப்பிள்ளைக்கும் விளங்கும். ஒவ்வொரு துகளிடமும் இரு வினாக்களுள் ஏதேனும் ஒன்றைக் கேட்கலாம். விடை +1 அல்லது −1. விடைகளைத் துகள்கள் கையோடு கொண்டுவருவதாகக் கொள்வோம். முதல் துகளின் இரு விடைகளையும் கூட்டி, இரண்டாம் துகளின் ஒரு விடையால் பெருக்குக. பின் முதல் துகளின் விடைகளைக் கழித்து, இரண்டாம் துகளின் மற்றொரு விடையால் பெருக்கி, இரு பெருக்கங்களையும் கூட்டுக. கூட்டலும் கழித்தலுமாகிய இரண்டில் ஒன்று எப்போதும் பூச்சியம். எனவே மொத்தம் 2 அல்லது −2. பலமுறை எடுத்த சராசரியும் 2-ஐத் தாண்டாது. குவாண்டம் கொள்கையோ 2.83 வரை செல்லலாம் என்கிறது.

தீர்ப்பை ஆய்வுக்கூடம் சொன்னது. 1972-இல் ஃப்ரீட்மனும் கிளாசரும், 1982-இல் ஆஸ்பேயின் குழுவினரும் குவாண்டத்தின் பக்கமே விடை கண்டனர். 2015-இல் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் நிகழ்ந்த 245 அளவீடுகள் தந்த மதிப்பு 2.42. இத்தகைய சோதனைகளுக்காக ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெல் 1990-இலேயே மறைந்துவிட்டார்.

வீழ்ந்தது எது? இங்குள்ள செயல் அங்குள்ளதைத் தீண்டாது என்பதும், விடைகள் முன்பே ஆயத்தம் என்பதும் சேர்ந்து நிற்க முடியாது. இயற்பியலாளர் டேவிட் போமின் கொள்கை துகள்களின் மெய்ம்மையைக் காத்து, இங்குள்ளது அங்குள்ளதைத் தீண்டாது என்னும் இடவரம்பைக் கைவிடுகிறது. வேறு சிலர் ஆயத்த விடைகளைக் கைவிடுகின்றனர்.

ஆயினும் ஒளியை முந்திச் செய்தி அனுப்ப இதில் வழியில்லை. ஒவ்வொரு முனையிலும் பதிவாவது, நாணயம் சுண்டினாற்போன்ற ஒழுங்கற்ற வரிசைதான். இரு குறிப்பேடுகளையும் யாரேனும் சுமந்துவந்து அருகருகே வைத்தால்தான் 2-ஐ மிஞ்சிய உறவு புலப்படும். எந்தச் செய்தியையும் சுமக்காத அந்த உறவைத்தான் இயற்கை தொலைவைப் பொருட்படுத்தாமல் காத்துவருகிறது.