வீட்டில் கட்டும் விமானத்தின் கூலன்ட் பம்ப் இயக்கம்

சொந்தமாகக் கட்டும் விமானங்களில் கார் எஞ்சினைப் பொருத்துவோர், கூலன்ட் பம்பை எது சுழற்றுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுபாரு இஏ81-இல் ஆல்டர்னேட்டரையும் பம்பையும் ஒரே வி-பெல்ட் ஓட்டுகிறது; அது அறுந்தால் மின்சாரமும் குளிர்விப்பும் சேர்ந்தே போகும். சுபாருவின் இஜே வரிசையில் பம்ப் டைமிங் பெல்ட்டோடு ஓடுவதால், பம்பின் பேரிங் இறுகினால் பெல்ட்டே கழன்று எஞ்சின் நின்றுவிடலாம். மின்பம்புக்குப் பெல்ட் வேண்டாம். ஆனால் அது பேட்டரியையும் வயரிங்கையும் நம்பியிருக்கிறது. தனி ஃப்யூஸும் மாற்று மின்வழியும் இல்லாமல் அதைப் பொருத்தவே கூடாது. விமான எஞ்சினான ரோட்டாக்ஸ் 912-இல் பம்ப் எஞ்சினோடு இணைந்தே வருகிறது, வெளிப் பெல்ட் கிடையாது. நம்பகத்தில் இந்த அமைப்பே மேல். எஞ்சினால் ஓடும் பம்ப் எந்த வகையானாலும், பறக்குமுன் பம்பின் அடியிலுள்ள கசிவுத் துளையைப் பார்க்க வேண்டும்: அங்கே கூலன்ட் காய்ந்த கறை தெரிந்தால், உள்ளே சீல் தேயத் தொடங்கிவிட்டது.