அருவிக்கரையும் குறத்தியும்

குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்தால் சித்தம் தெளியும் என்பது தென்காசிச் சீமையின் நெடுநாளைய நம்பிக்கை. மனம் பேதலித்தவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, விழுகிற தண்ணீருக்கு அடியில் நிறுத்துவார்கள். அதை வெறும் மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. குளிர்ந்த நீர் கொந்தளிப்பைச் சற்று அடக்கும், கூடவே உறவும் நிற்கிறது. ஆனால் சிறுவயதில் பட்ட அவமானம் தண்ணீரில் கரையாது. அதற்குப் பேச்சு வேண்டும், கேட்க ஓர் அந்நியர் வேண்டும்.

மனநல ஆலோசனை மேல்நாட்டுச் சரக்கு என்பவர்கள், மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சியைப் புரட்டலாம். அதன் நாயகி வசந்தவல்லியின் காதல் நோயைத் தோழியரின் சந்தனமும் பன்னீரும் தீர்க்கவில்லை. வெளியூர்க் குறத்தி கையைப் பிடித்து ரேகை பார்த்து, காமம் என்கிறாள். வசந்தவல்லிக்கு முதலில் வருவது கோபம். வெட்கத்தின் முகமூடி அதுதானே. குறத்தி கேட்பதைவிடச் சொல்வதே அதிகம், கூலியும் வாங்குகிறாள் என்று மறுக்கலாம். மெய்தான்; அவள் சிகிச்சையாளர் அல்லள். ஆயினும் ஊர்வாய்க்கு அப்பாற்பட்ட ஒருத்தியிடம்தான் மறைத்தது வெளிவரும் என்பதைக் கவிராயர் அறிந்திருந்தார்.

அருவி போன்ற இடங்களின் மேல் இருந்த நம்பிக்கை, காப்பகத் தொழிலாக மாறியபோதுதான் நோயாளரைக் கட்டும் சங்கிலி வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது. 2022இல் டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை வந்தது. 14416க்கு அழைத்தால், முகம் காட்டாமல் தமிழிலேயே பேசலாம்.