பீரியாடிக் வீடியோஸ்

பீரியாடிக் வீடியோஸ், தனிமம் ஒன்றுக்கு ஒரு காணொளி என்ற கணக்கில் 2008-இல் யூடியூபில் தொடங்கிய வேதியியல் தொடர். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வேதியியல் துறையில் உருவானது. படம்பிடித்துத் தொகுப்பவர் பிரேடி ஹாரன். ஆஸ்திரேலியாவில் பிறந்து, பிபிசியில் காணொளிச் செய்தியாளராக வேலை பார்த்தவர். பெரும்பாலான காணொளிகளில் பேசுபவர் பேராசிரியர் மார்ட்டின் போலியாக்கோஃப். நாலாபுறமும் சிலிர்த்து நிற்கும் வெள்ளை முடியும் தனிம அட்டவணை அச்சிட்ட டையும் அவருடைய அடையாளம். பசுமை வேதியியலில் பெயர்பெற்ற ஆய்வாளரான அவர், 2011 முதல் 2016 வரை ராயல் சொசைட்டியின் வெளியுறவுச் செயலராக இருந்தார்.

முதல் சுற்றில் 118 தனிமங்களுக்கும் ஐந்தே வாரத்தில் படம் எடுத்து முடித்தார்கள். எழுதி வைத்து ஒப்பிக்கும் பேச்சு கிடையாது. ஹாரன் வேதியியலாளர் அல்லர். கேமராவுக்குப் பின்னால் நின்று தனக்குப் புரியாததைக் கேட்பார், பேராசிரியர் தம் அலுவலக அறையில் உட்கார்ந்தபடி பதில் சொல்வார். தொடரின் உயிர் இந்தப் பேச்சில்தான் இருக்கிறது. பள்ளியோடு வேதியியலுக்கு முழுக்குப் போட்ட ஒருவர் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை, அவருக்காக இன்னொருவர் கேட்டுவிடுகிறார்.

ஆய்வகத்தில் சோதனைகளைச் செய்து காட்டுபவர்களில் நீல் பார்ன்ஸ் என்ற தொழில்நுட்பர் முக்கியமானவர். திரையில் அதிகம் பேசமாட்டார். நீளக் கம்பின் நுனியில் நெருப்பை ஏந்தி ஹைட்ரஜன் பலூனிடம் கொண்டுபோவார். படாரென்ற ஓசையோடு ஆரஞ்சுத் தீப்பந்து எழுந்து, கண் இமைப்பதற்குள் அணைந்துவிடும். தண்ணீரில் போட்ட சோடியம் உருகி உருண்டையாகி, சீறிக்கொண்டு அங்குமிங்கும் ஓடுவதையும் பார்க்கலாம்.

எல்லாத் தனிமத்தையும் இப்படிக் கொண்டுவந்து காட்ட முடியாது. ஃபிரான்சியத்தின் ஐசோடோப்புகளில் அதிக நேரம் தாக்குப்பிடிப்பதற்கே அரை ஆயுள் 22 நிமிடம்தான்; கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அதை யாரும் சேர்த்ததில்லை. 112 முதல் 118 வரையிலான இடங்களுக்கு 2008-இல் தற்காலிகப் பெயர்களே இருந்தன. 117-ஆவது தனிமம் அப்போது உருவாக்கப்படவே இல்லை. அறிவிப்பு 2010-இல்தான் வந்தது. காட்டக் குடுவையில் ஒன்றுமே இல்லாத இடத்திலும் பார்ப்பவரை உட்கார வைக்கிறது பேராசிரியரின் பேச்சு. வெடிச் சோதனைகளைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவசரமாக எடுத்த முதல் படங்களில் பல மிகவும் சுருக்கமானவை. அவற்றை அப்படியே விட்டுவிடவில்லை. நல்ல மாதிரியோ நல்ல இடமோ கிடைத்தபோது புதிதாக எடுத்தார்கள். தங்கத்துக்காக பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் நிலவறைக்கே போனார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12.5 கிலோ எடையுள்ள கட்டிகள் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. ஸ்வீடனில் இட்டர்பி என்ற சுரங்க ஊருக்கும் பயணம் போனார்கள். இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டர்பியம் ஆகிய நான்கு தனிமங்களும் அந்த ஒரே ஊரின் பெயரைத் தாங்கியவை.

பிறகு ஹாரன் இயற்பியலுக்கு ‘சிக்ஸ்டி சிம்பல்ஸ்’, கணிதத்துக்கு ‘நம்பர்ஃபைல்’ என்ற தொடர்களையும் தொடங்கினார்.

2010-இல் போலியாக்கோஃபின் பிறந்தநாளுக்கு அதே பல்கலைக்கழகத்தின் நானோ தொழில்நுட்ப மையத்தினர் ஒரு பரிசு கொடுத்தார்கள். அவருடைய தலைமுடி ஒன்றை எடுத்து, காலியம் அயனிக் கற்றையால் அதன்மேல் தனிம அட்டவணை முழுவதையும் செதுக்கியிருந்தார்கள்.