பழுதுபட்ட வீடும் நேரிய விலையும்: உரோமர் சட்ட வரலாற்றில் ஒரு நோக்கு

மனிதன் தன் வாழ்நாளிற் செய்யும் கொள்வனவுகளுள் வீடு வாங்குதலே பெரும்பாலும் மிகப் பெரியதாகும். தான் வாங்கும் பொருளை முற்றாகப் பார்த்தறிய முடியாத நிலையில் அவன் செய்யும் கொள்வனவும் அதுவே. தானியத்தைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். மாட்டை நடத்திப் பார்க்கலாம். ஆனால், சாந்து பூசிய சுவரினுள்ளே ஓடும் வெடிப்பையும், கூரை மரத்தினுள்ளே பரவியிருக்கும் உளுப்பையும், அத்திவாரத்தின் நலிவையும் ஒருமுறை வந்து பார்த்துச் செல்பவன் அறிதல் அரிது. அவற்றை அறிந்தவன் அவ்வீட்டில் வாழ்ந்தவனே. எனவே, விற்பனை முற்றுப்பெறுமுன் எழும் “இப்பழுதைத் திருத்தும் செலவு யாரைச் சாரும்?” என்னும் வினா வெறும் பேரம் பற்றிய வினாவன்று. அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் இடையே நீதி எவ்வாறு நிலைபெறும் என்பதே அதன் உட்பொருள். இவ்வினாவை உரோமர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதையும், அவர்கள் கண்ட விடை இலங்கைவரை வந்து சேர்ந்தமையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரோமாபுரியில் இவ்வினா எழுந்தமை இயல்பே. குடியரசின் இறுதிக் காலத்தில் அந்நகரம் மக்கள் நெருக்கம் மிகுந்ததாக விளங்கியது. பல மாடிகளைக் கொண்ட வாடகைக் குடியிருப்புகள் செங்கல்லாலும் மரத்தாலும் விரைவாகக் கட்டப்பட்டன. தீயும் இடிவும் அன்றாட நிகழ்ச்சிகளாயின. கி. மு. 44ஆம் ஆண்டில் தன் நண்பன் அத்திக்கசுக்கு எழுதிய கடிதமொன்றில், தனக்குச் சொந்தமான கடைகளுள் இரண்டு இடிந்துவிட்டன என்றும், எஞ்சியவை வெடித்து வருகின்றன என்றும், குடியிருந்தோர் மட்டுமன்றி எலிகளுங்கூட வெளியேறிவிட்டன என்றும் சிசரோ குறிப்பிடுகின்றான். அந்நட்டத்தை இலாபமாக மாற்றும் வழியொன்று இருப்பதாகவும் அவன் அமைதியுடன் எழுதுகின்றான். சில தலைமுறைகளின் பின் வாழ்ந்த அங்கதக் கவிஞன் யுவெனல், மெல்லிய முட்டுக்கால்களில் நிற்கும் நகரத்தையும், பழைய வெடிப்பைப் பூசி மறைத்துவிட்டுக் குடியிருப்போரை நிம்மதியாக உறங்கச் சொல்லும் காரியகாரனையும் காட்டுகின்றான். பூசி மறைக்கப்பட்ட அந்த வெடிப்பே இக்கட்டுரையின் மையப் பொருள் எனலாம்.

உரோமரின் விற்பனை முறையிற் கட்டங்கள் மூன்று உண்டு. பொருளும் விலையும் பற்றிய உடன்பாடு ஏற்படுமுன் உள்ளது முதற் கட்டம். உடன்பாட்டுக்கும் கையளிப்புக்கும் இடைப்பட்டது இரண்டாங் கட்டம். கையளித்த பின்னருள்ளது மூன்றாங் கட்டம். இருவரும் உடன்பட்ட கணத்திலேயே ஒப்பந்தம் முற்றுப்பெறும். உடைமையோ பின்னரே கைமாறும். ஆதலால், பழுது எக்கட்டத்தில் இருந்தது, எக்கட்டத்தில் வெளிப்பட்டது, யார் அதனை அறிந்திருந்தார் என்பவற்றைப் பொறுத்தே செலவின் சுமை தீர்மானிக்கப்பட்டது.

முதற் கட்டம் பற்றிய விவாதம் சட்டத்தாரிடையே மட்டுமன்றி மெய்யியலாரிடையேயும் நிகழ்ந்தது. கி. மு. 44இல் தன் மகனை முன்னிலைப்படுத்திக் கடமைகள் பற்றி எழுதிய நூலில், சிசரோ இரு சிரோயிக்க அறிஞரை எதிரெதிரே நிறுத்துகின்றான். ஒருவர் பபிலோனைச் சேர்ந்த டயோஜெனிசு. மற்றவர் அவருடைய மாணாக்கரான தார்சுசு நகர அந்திப்பாற்றர். நோய் விளைவிப்பதும், அறைதோறும் பாம்பு தோன்றுவதும், மரம் உளுத்து விழும் நிலையிலுள்ளதுமான வீடொன்றை, அக்குறைகளைத் தான் மட்டுமே அறிந்த ஒருவன் விற்கிறான். வாங்குவோனிடம் அவன் அவற்றைச் சொல்லவேண்டுமா என்பதே வினா. சொல்லாது விடுதல், வழி தவறியவனுக்கு வழி காட்டாதிருப்பதினும் கொடிது என்பது அந்திப்பாற்றரின் நிலைப்பாடு. விற்பவன் எவரையும் வாங்குமாறு வற்புறுத்தவில்லை. தனக்கு வேண்டாததை விற்றான், மற்றவன் தனக்கு வேண்டியதை வாங்கினான். தன் வீட்டின் குறைகளை ஏலம் கூறுவோனைக் கொண்டு பறையறைவிப்பதைவிட மடமை வேறில்லை என்பது டயோஜெனிசின் நிலைப்பாடு. இன்றும் வீடு விற்போரும் வாங்குவோரும் நடத்தும் வாதம் இவ்விரு நிலைகளுக்கு அப்பாற் சென்றுவிடவில்லை.

சிசரோ அந்திப்பாற்றரின் பக்கமே சார்கின்றான். பேசாதிருத்தல் எல்லாம் மறைத்தலாகாது. ஆனால், தான் அறிந்ததை மற்றவன் அறியாதிருப்பதிற் தன் இலாபம் தங்கியிருக்கும்போது பேசாதிருத்தல் மறைத்தலே என்பது அவன் கருத்து. இது மெய்யியலாரின் இலட்சியம் மட்டுமன்று, உரோம நீதிபதிகளும் இவ்வழியே நடந்தனர் என்பதற்கு அவன் வழக்கொன்றைச் சான்றாக்குகின்றான். கிளோடியசு சென்ருமாலசு என்பவனுக்குக் கேலியன் குன்றில் கட்டடமொன்று இருந்தது. குறி பார்க்கும் குருமார் நகரக் கோட்டையிலிருந்து பறவை நிமித்தம் காண்பதற்கு அதன் உயரம் தடையாயிற்று. தடையாகும் பகுதியை இடிக்குமாறு அவர்கள் கட்டளையிட்டனர். அவனோ அதனை இடிக்காமல் விற்பனைக்கு விட்டான். வாங்கிய கல்பூர்னியசு லனாரியசு என்பவனுக்கும் அதே கட்டளை வந்தது. அவன் இடித்தான், பின்னரே, கட்டளை கிடைத்த பிறகு அக்கட்டடம் தனக்கு விற்கப்பட்டதை அறிந்தான். வழக்கைத் தீர்த்தவர் மார்க்குசு கேற்றோ. பிற்காலத்திற் சீசரை எதிர்த்துப் புகழ்பெற்ற கேற்றோவின் தந்தை. விற்றவன் விடயத்தை அறிந்திருந்தும் சொல்லாமையால் வாங்கியவனின் நட்டத்தை அவனே ஈடுசெய்ய வேண்டுமெனத் தீர்ப்பாயிற்று.

இத்தீர்ப்பின் பெறுமதியை உணர்வதற்குப் பழைய நிலையை நோக்கவேண்டும். கி. மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த பன்னிரு பலகைச் சட்டத்தின்படி, விற்பவன் தன் வாயாற் கூறியவற்றுக்கு மட்டுமே பொறுப்பாளியாவான். வாய் திறவாதவனுக்குப் பொறுப்பில்லை. பின்வந்த சட்ட அறிஞர் மௌனத்துக்கும் பொறுப்பு உண்டு என விதித்தனர். பேச்சிலிருந்து மௌனத்துக்குப் பொறுப்பு விரிந்தமை உரோமச் சட்ட வளர்ச்சியின் முக்கிய படியாகும்.

எனினும், சொல்லவேண்டிய கடமை எல்லையற்றதன்று. மாரியசு கிராற்றிடியானசு என்பவன் ஒரு வீட்டைச் சேர்கியசு ஒராற்றாவிடமிருந்து வாங்கி, சில ஆண்டுகளின் பின் அவனுக்கே திருப்பி விற்றான். அவ்வீட்டுக்கு மற்றொருவரின் வழியுரிமை போன்ற சுமையொன்று இருந்தது. விற்பனை நிபந்தனைகளில் அது கூறப்படவில்லை. ஒராற்றாவுக்காகக் கிராசுசு என்னும் நாவலரும், கிராற்றிடியானசுக்காக அந்தோனியுசும் வாதிட்டனர். அறிந்த குறையைச் சொல்லாதவன் ஈடுசெய்யவேண்டும் என்றது ஒரு வாதம். முன்பு அவ்வீட்டைத் தானே விற்ற ஒராற்றா அச்சுமையை அறியாதவனல்லன்; அறிந்தவனை ஏமாற்றுதல் எங்ஙனம் என்றது மறுவாதம். ஆகவே, குறை இருந்ததா என்பது மட்டுமன்றி, இருவரும் ஒரே அளவு அறிந்திருந்தனரா என்பதே வினாவின் உயிர்நிலை என்பது தெளிவாகிறது.

ஏமாற்றும் எண்ணம் இல்லாதவிடத்து என் செய்வது? இதற்கான விடை வீட்டு விற்பனையிலன்றிச் சந்தையிலே பிறந்தது. சந்தையை மேற்பார்த்த ஏடில்கள் எனப்பட்ட நகர அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் நோய்களையும் குறைகளையும் வெளிப்படையாகக் கூறவேண்டுமெனக் கட்டளையிட்டனர். கூறத் தவறின், விற்றவன் அறிந்திருந்தாலும் அறியாதிருந்தாலும், வாங்கியவன் ஆறு மாதத்துள் விற்பனையை முறிக்கலாம். அல்லது ஓராண்டினுள் குறைக்கேற்ப விலையைக் குறைப்பிக்கலாம். மனிதனை மாட்டோடு ஒருங்குவைத்து அவன் குறைகளைக் கணக்கிட்ட கொடிய சந்தையிலேயே விலைக்குறைப்பு என்னும் நேரிய கோட்பாடு உருப்பெற்றது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும். கி. பி. 533இல் ஜஸ்ரீனியன் வெளியிட்ட சட்டத்திரட்டில் இவ்விதி நிலத்துக்கும் உரியதெனக் காணப்படுகிறது. அக்கூற்றுப் பிற்சேர்க்கையே என ஆய்வாளர் பலர் கருதினும், பிற்கால ஐரோப்பா அதனை ஏற்றுக்கொண்டது. ஆனால், கண்ணுக்குத் தெரியும் குறைக்கு இப்பரிகாரம் இல்லை. காணத்தக்க பழுதை விலை பேசும்போதே பேசிக்கொள்ள வேண்டும் என்பதே இதன் பொருள்.

இவ்விடயத்தில் மிகவும் நுணுக்கமான சிந்தனை, போலுசு என்னும் சட்ட அறிஞர் எடுத்துரைக்கும் எரிந்த வீட்டின் கதையிலே காணப்படுகிறது. வாங்குவோனும் விற்போனும் வீடு எரிந்துவிட்டதை அறியாமலே விலை பேசி முடித்தனர். வீடு முற்றாக எரிந்திருப்பின் நிலம் எஞ்சியிருந்தாலும் விற்பனையே இல்லை. கொடுத்த பணத்தை மீளப் பெறலாம். ஒரு பகுதி எஞ்சியிருப்பின், எரிந்தது எவ்வளவு என்பதை நோக்கவேண்டும் என நெராற்றியசு வகுத்தார். பாதிக்கு மேல் எரிந்திருந்தால் வாங்குவோனைக் கட்டாயப்படுத்த முடியாது. பாதியோ அதற்குக் குறைவோ எரிந்திருந்தால், அவன் வாங்கியே ஆகவேண்டும். ஆனால், தீயினாற் குறைந்த பெறுமதியை விலையிலிருந்து கழிக்கவேண்டும். அக்கழிவை விற்பவனும் தீர்மானிப்பதில்லை, வாங்குபவனும் தீர்மானிப்பதில்லை. நடுநிலையுள்ள நல்லோன் ஒருவனின் மதிப்பீடே அதனைத் தீர்மானிக்கும். பழுது சிறிதாயின் ஒப்பந்தம் காப்பாற்றப்படுகிறது. பழுது பெரிதாயின் மனிதன் விடுவிக்கப்படுகிறான்.

உடன்பாட்டின் பின்னரே வீடு எரிந்தால் நிலை வேறு. அப்பொழுது நட்டம் வாங்கியவனுக்கே. வீடு கையளிக்கப்படாவிடினும் அவன் முழுவிலையும் செலுத்தவேண்டும். இது கடுமையான விதியே. ஆயினும், கையளிக்கும்வரை வீட்டைக் கவனத்துடன் காக்கவேண்டிய கடமை விற்றவனுக்கு உண்டு. அயல்வீடு இடிந்து விழும் அபாயம் இருப்பின், அதற்கான பிணையைப் பெறுவதும் அவன் பொறுப்பே என்கிறார் போலுசு.

சட்டம் இவ்வாறிருப்பினும் நடைமுறை எப்பொழுதும் நேரியதாக இருக்கவில்லை. மூவர் கூட்டிற் பங்குகொண்ட செல்வன் கிராசுசு, கட்டடக் கலைஞரும் கொத்தருமான அடிமைகள் ஐந்நூறு பேருக்கு மேல் வைத்திருந்தான் என்றும், எரிந்துகொண்டிருக்கும் வீடுகளையும் அவற்றின் அயல்வீடுகளையும் அச்சத்தால் நிலைகலங்கிய உரிமையாளரிடமிருந்து அற்ப விலைக்கு வாங்கினான் என்றும் புளூற்றாக் எழுதுகின்றார். இங்கு மறைத்தல் எதுவுமில்லை. தீயை இருவரும் கண்ணாற் காண்கின்றனர். ஆயினும் இதனை நேரிய விலை எனக் கூறமுடியுமா? அறிவு சமமாக இருந்தும் ஆற்றல் சமமாக இல்லாதவிடத்துப் பழுதின் பெயரால் விலையைக் குறைத்தல் கொள்ளையாகிவிடுகிறது. மாறாக, இளைய பிளினி தன் நிலத்தை அடுத்திருந்த பண்ணையொன்றை வாங்குவது பற்றி நண்பனுக்கு எழுதிய கடிதம் நிதானமான வாங்குவோனைக் காட்டுகிறது. முன்பு 50 இலட்சம் செஸ்ரேர்சு பெறுமதியாயிருந்த அப்பண்ணை, அப்பொழுது 30 இலட்சத்துக்குக் கிடைப்பதாயிருந்தது. குத்தகையாளர் வறுமையுற்றமையே வீழ்ச்சிக்குக் காரணம் எனவும், அவர்களுக்கு மீண்டும் வேலையாட்களை அளித்து நிலத்தைச் சீராக்கும் செலவும் தன்னைச் சாரும் எனவும் அவன் கணக்கிடுகின்றான். விலை மட்டுமன்று, சீர்ப்படுத்தும் செலவும் சேர்ந்ததே உண்மையான கிரயம் என்பதை அவன் உணர்ந்திருந்தான்.

உரோமரின் இச்சட்டம் ஒல்லாந்தின் குரோசியசு, வூற் முதலிய அறிஞர்கள்வழிப் புத்துருப் பெற்று ஒல்லாந்தருடன் இலங்கைக்கு வந்தது. ஆங்கிலேயர் 1796இல் ஒல்லாந்தரின் ஆட்சிப் பகுதிகளைக் கைப்பற்றியபின், 1799ஆம் ஆண்டுப் பிரகடனம் அச்சட்டத்தைத் தொடரச் செய்தது. நிலவிற்பனை நொத்தாரிசு உறுதியாலேயே நிறைவேற வேண்டும் என்பதை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நிலைநாட்டியது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் அசையும் பொருள்களின் விற்பனையை ஆங்கில முறைக்கு மாற்றியது. நிலமும் வீடும் உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் கீழேயே நின்றன. இதன் விளைவு கவனத்துக்குரியது. வாங்குவோனே விழிப்பாயிருக்க வேண்டும் என்னும் ஆங்கிலக் கோட்பாட்டின்படி, வீட்டின் பழுதைப் பற்றிப் பேசாதிருந்த விற்பனையாளன் பொதுவாகப் பொறுப்பாளியல்லன். இலங்கையிலோ, மறைவான பழுதுக்காக விற்பனையை முறிக்கவும் விலையைக் குறைப்பிக்கவும் கோரும் உரிமை, சந்தை அதிகாரிகளின் பழைய கட்டளையிலிருந்து வழிவழியாக வந்து சேர்ந்துள்ளது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து உண்மையொன்று புலனாகும். திருத்தச் செலவைப் பேசித் தீர்த்தல் நாவன்மையினால் வெல்லும் கலையாக உரோம அறிஞருக்குத் தோன்றவில்லை. விற்பவன் அறிந்ததை வாங்குபவனும் அறியவேண்டும். இருவரும் அறியாதது வெளிப்பட்டால் அதற்கேற்ப விலை குறையவேண்டும். குறைப்பின் அளவை இருவருள் வலியவன் தீர்மானிக்காமல் நடுநிலையாளன் மதிப்பிடவேண்டும் என்ற மூன்று படிகளை அவர்கள் கண்டனர். இவற்றுள் முதலிரண்டும் சட்டத்தில் நிலைபெற்றன. மூன்றாவதோ எரிந்த வீட்டின் உதாரணத்தோடு ஏட்டிலே தங்கிவிட்டது. கிராசுசு வீடு வாங்கிய தெருக்களில் அந்த நல்லோன் காணப்படவில்லை. ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பு முழுவதும் ஒரே உறுதியிற் கைமாறுகின்றது. அவ்வுறுதியில் ஒப்பமிடுமுன் சுவரின் வெடிப்பை நேர்மையாக அளந்து சொல்லும் நடுநிலையாளன் ஒருவன் எல்லோர்க்கும் கிடைக்கும்வரை, போலுசின் விதி முற்றாக நிறைவேறிவிட்டதாகக் கொள்ள முடியாது.