ரைன் ஆற்றங்கரைப் பூச்சிகள்

ரைன் ஆறு தெளிந்த கதையை வழக்கமாக 1986 நவம்பர் 1இல் தொடங்குவார்கள். அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. அணைக்கப் பாய்ச்சிய தண்ணீர் பூச்சிமருந்தோடு ஆற்றில் கலந்து, பல நூறு கிலோமீட்டருக்கு விலாங்கு மீன்களைக் கொன்றது. மறு ஆண்டே கரையோர நாடுகள் ரைன் செயல்திட்டம் வகுத்தன. ஆனால் ஆற்றுப் பூச்சிகளின் வரலாறு இந்தத் தேதிக்குள் அடங்காது. எஃபோரான் விர்கோ என்ற ஒருநாள் பூச்சி நெதர்லாந்துப் பகுதியில் 1930களிலேயே மறைந்துவிட்டது. அன்றாடம் கொட்டிய சாக்கடைதான் அதை ஒழித்தது: கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். 1970 வாக்கில் சில இடங்களில் ஆறு மூச்சுமுட்டியே ஓடியது. சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகி ஆக்சிஜன் ஏறிய பிறகு, 1991இல் அந்தப் பூச்சி நெதர்லாந்தில் மீண்டும் தென்பட்டது. தீவிபத்து அரசுகளை விரட்டியது உண்மை. ஆறு தேறத் தொடங்கியது அதற்கும் முன்னால்.

ஆற்றின் தூய்மையை அளவிடக் கருவி இருக்கையில் பூச்சி எதற்கு என்று கேட்கலாம். குப்பியில் அள்ளிய நீர் அந்த வேளையின் நிலையை மட்டுமே சொல்லும். பலிங்கேனியா லாங்கிகாடா என்ற பெரிய ஒருநாள் பூச்சியின் இளம்புழுவோ, நீர்மட்டத்துக்குக் கீழே களிமண் கரையில் வளை தோண்டி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கிடக்கும். சிறகு முளைத்தபின் சில மணி நேரமே வாழும். இடையில் ஓர் இரவு ஆக்சிஜன் வற்றினாலும் போதும், கதை முடிந்தது. டச்சு இயற்கையாளர் யான் ஸ்வாமர்டாம் 1675இல் தனி நூலே எழுதிய பூச்சி இது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரைனிலிருந்து மறைந்த பலிங்கேனியா, நீர் தெளிந்தும் திரும்பவில்லை. அதற்கு வேண்டிய களிமண் கரை மிஞ்சவில்லை என்பதே என் வாதம். 1817இல் பொறியாளர் துல்லா மேல் ரைனை நேராக்கத் தொடங்கினார். பின்னர் கப்பல் போக்குவரத்துக்காகக் கீழ்ப்பகுதியிலும் கரைகளுக்குக் கல் பாவினார்கள். மிச்சமிருக்கும் முக்கியக் கூட்டம் ஹங்கேரியின் திசா ஆற்றில், வெகு தொலைவில் இருப்பதுதான் காரணம் என்பார்கள் சிலர். அதிலும் நியாயம் உண்டு: சில மணி நேர ஆயுளில் எவ்வளவு தூரம் பறக்க முடியும்? திசா கலக்கும் டான்யூபை ரைனோடு இணைத்து 1992இல் திறந்த கால்வாய் வழியேயும் பலிங்கேனியா வரவில்லை; உள்ளூர்ப் பூச்சிகளைத் தின்னும், இறால் போன்ற உயிரினங்கள்தான் வந்தன. ஆனால் தொலைவு மட்டுமே தடையென்றால், கொண்டுவந்து விட்டாலே போதுமே. கல்லில் அது எங்கே வளை தோண்டும்? களிமண் கரையின் மதிப்பைத் திசாவே காட்டியது: 2000 ஜனவரி இறுதியில் ருமேனியச் சுரங்கக் கழிவிலிருந்து வெளியேறிய சயனைடு திசாவில் பாய்ந்து மீன்களை வாரிச் சென்றது. களிமண்ணுக்குள் ஒண்டியிருந்த புழுக்கள் பிழைத்தன. அந்தக் கோடையிலும் பூச்சிகள் ஆற்றின்மேல் பறந்தன.