பெருந்தமனி வேர் மாற்று அறுவைக்குப் பின் வரும் சிக்கல்கள்

1. அறுவையின் அமைப்பு

இடது கீழறையிலிருந்து பெருந்தமனி கிளம்பும் முதல் சில சென்டிமீட்டரே அதன் வேர். வால்வும், இதயத் தசைக்கு ரத்தம் ஊட்டும் இரு கரோனரி தமனிகளின் வாய்களும் இங்கேதான் உள்ளன. தமனிச் சுவரைப் பலவீனமாக்கும் பரம்பரைக் கோளாறான மார்ஃபான் நோய்க்குறி உள்ளவர்களுக்கு இந்த வேர் விரிந்து கிழியக்கூடும். வால்வு பொருத்திய செயற்கைக் குழாயால் வேர் முழுவதையும் மாற்றும் முறையை லண்டனில் ஹியூ பென்டாலும் ஆண்டனி டி போனோவும் 1968-இல் வெளியிட்டனர். வால்வு மாற்றுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, கரோனரி வாய்களையும் குழாயில் இணைத்தாக வேண்டும் என்பதே. இந்த அறுவைக்கே உரிய சிக்கல்களில் மிகக் கொடியவை அந்த இணைப்புகளில்தான் பிறக்கின்றன.

2. கரோனரி இணைப்புகள்

2.1 போலி அனூரிசம்

பென்டால் முறையில் கரோனரி வாய்கள் இருந்த இடத்திலேயே குழாயின் துளைகளோடு தைக்கப்பட்டன. நோயுற்ற பழைய தமனிச் சுவரே குழாயின் மேல் போர்த்தப்பட்டது. ரத்தக்கசிவைத் தடுக்க நினைத்த அந்தப் போர்வைதான் வினையானது. கசிந்த ரத்தம் வெளியேற வழியின்றி இடையில் தேங்கி அழுத்த, தையல் இழுபட்டுப் பிரிந்தது. அவ்விடத்தில் ரத்தம் பை போலத் திரண்டு நிற்பதே போலி அனூரிசம். நோயாளிக்கு வலியே இல்லாமலும் இது வளரும்.

கரோனரி வாயைச் சுற்றியுள்ள சுவரை வட்டமாக வெட்டி, விடுவித்துத் தைக்கும் ‘பட்டன்’ முறை வந்தபின் இழுவிசை குறைந்தது, போர்வையும் தேவையற்றதாயிற்று. என் பார்வையில், வேர் அறுவையின் வரலாற்றில் இதைவிட முக்கியமான திருத்தம் இல்லை.

2.2 மடிப்பும் விரிவும்

பட்டன் முறுகியோ மடிந்தோ விட்டால், அறுவை மேசையிலேயே இதயத் தசை ரத்தமின்றித் தவிக்கும். உடனே பைபாஸ் செய்ய நேரலாம். மார்ஃபான் நோயாளிகளிடம் அகலமாக விடப்பட்ட பட்டனே பல ஆண்டுகள் கழித்து வீங்குவதுண்டு.

3. முதல் நாட்கள்

ரத்தப்போக்கு, பக்கவாதம் ஆகியவை எந்தத் திறந்த இதய அறுவையிலும் வரக்கூடியவை. வால்வை ஒட்டியே இதயத்தின் மின்பாதை ஓடுவதால், ஆழமான தையல் அதைத் துண்டிக்கலாம். அப்போது நிரந்தர பேஸ்மேக்கர் வேண்டியிருக்கும்.

4. கிருமித்தொற்று

அரிதென்றாலும் உயிர்குடிப்பது. ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிகள் குழாயில் ஒட்டிக்கொண்டால் மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது. வேரை மறுபடியும் மாற்ற வேண்டிவரும். ஆகவே காரணம் தெரியாத காய்ச்சலுக்கு, ரத்தக் கல்ச்சர் எடுக்குமுன் ஆன்டிபயாடிக் கொடுப்பது பெரும் தவறு. கிருமியின் அடையாளமே மறைந்துபோகும்.

5. வால்வும் எஞ்சிய தமனியும்

உலோக வால்வுக்கு ஆயுள் முழுதும் வார்ஃபரின் தேவை: குறைந்தால் ரத்த உறைவு, மிகுந்தால் ரத்தப்போக்கு. திசு வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது தேய்ந்துபோகும். டொராண்டோவின் டைரோன் டேவிட், சொந்த வால்வையே குழாய்க்குள் பொருத்தும் வழியைக் காட்டினார். அதிலும் பின்னாளில் வால்வு கசியலாம்.

வேர் மாறினாலும் மீதித் தமனி பழையதே. மார்ஃபான் நோயாளி, அறுவை முடிந்ததென்று ரத்த அழுத்த மாத்திரையையும் ஸ்கேனையும் விட்டுவிடக்கூடாது. அடுத்த கிழிசல் தமனியின் வளைவிலோ, மார்பின் பின்புறம் இறங்கும் பகுதியிலோ தொடங்கலாம்.