சிக்காகோ மரூன்ஸ் (அமெரிக்கக் காற்பந்து)

சிக்காகோ மரூன்ஸ் என்பது ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அமெரிக்கக் காற்பந்து அணியாகும். ஒரு காலத்தில் புகழின் உச்சியில் இருந்த ஓர் அணியை அதன் பல்கலைக்கழகமே கலைத்தது என்பதால் இதன் வரலாறு தனித்தன்மை உடையது.

1892 முதல் 1932 வரை அமோஸ் அலோன்சோ ஸ்டாக் இதன் பயிற்றுநராக இருந்தார். 1896இல் உருவாகி, பின்னர் பிக் டென் எனப் பெயர்பெற்ற கூட்டமைப்பின் நிறுவன உறுப்பினர்களுள் சிக்காகோவும் ஒன்று. அதன் வாகையர் பட்டத்தை இவ்வணி ஏழு முறை வென்றது. 1905இல், 56 ஆட்டங்களாகத் தோல்வியறியாதிருந்த மிச்சிகன் அணியை 2-0 என வென்றது. பின்னாளில் ஹைஸ்மன் கோப்பை எனப்பட்ட விருதை 1935இல் முதன்முதலாகப் பெற்றவர் இவ்வணியின் ஜே பெர்வாங்கர். தொழில்முறை அணிகளின் முதல் வீரர் தெரிவில் (1936) முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டும் அவர் அங்கு ஆடவில்லை.

அணி கலைக்கப்படல்

பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், பெரும் வணிகமாகிவிட்ட கல்லூரி விளையாட்டு கல்விக்கு இடையூறு எனக் கருதினார். ஆட்டத்திறனுக்காக மாணவர்களைச் சேர்த்த பிற பல்கலைக்கழகங்களுடன் சிக்காகோவால் போட்டியிட இயலவில்லை. 1939இல் மிச்சிகனிடம் 85-0 எனத் தோற்றது. அவ்வாண்டு டிசம்பரில் அணி கலைக்கப்பட்டது. கூட்டமைப்பிலிருந்தும் 1946இல் பல்கலைக்கழகம் விலகியது.

ஆட்டம் ஓய்ந்த ஸ்டாக் மைதானமே அணுவியல் வரலாற்றில் இடம்பெற்றது. அதன் மேற்குப் பார்வையாளர் மாடத்தின் அடியில், 1942 டிசம்பர் 2 அன்று, என்ரிக்கோ பெர்மி தலைமையிலான குழுவினர் தன்னைத்தானே தொடரும் முதல் அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தினர்.

1969இல் அணி முறைப்படி மீண்டும் தொடங்கப்பட்டது. தற்போது, விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்கப்படாத மூன்றாம் பிரிவில் ஆடி வருகிறது.